எழுதப்படாத தணிக்கை: பள்ளியிலும் சமூகத்திலும் கருத்துரிமை

ஆய்வுச் சுருக்கம்

கருத்துரிமைக்கு வரம்பு விதிக்க இந்திய அரசமைப்புச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் அவ்வரம்பு சட்டத்தின் வழியாகவே வருதல் வேண்டும். நடைமுறையிலோ, பேச்சை நிறுத்துவது பல வேளைகளில் சட்டமன்று. சுற்றறிக்கையும் கலவர அச்சமும் அமைதிப் பேச்சுவார்த்தையுமே அவ்வேலையைச் செய்கின்றன. இவ்வகைத் தடைகளை ‘எழுதப்படாத தணிக்கை’ எனக் குறித்து, பள்ளி, திரைப்படம், புதினம், பாடநூல் ஆகிய நான்கு களங்களின் நிகழ்வுகள் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கருத்துரிமை, தணிக்கை, பொது ஒழுங்கு, பாடநூல், சகிப்புத்தன்மை.

முன்னுரை

அரசமைப்புச் சட்டத்தின் உறுப்பு 19(1)(அ) குடிமக்கள் அனைவருக்கும் பேச்சுரிமையையும் கருத்து வெளிப்பாட்டு உரிமையையும் வழங்குகிறது. உறுப்பு 19(2) அதற்கான வரம்புகளைக் கூறுகிறது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கநெறி, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்திற்குத் தூண்டுதல் ஆகியன அவை. இவற்றுள் ‘பொது ஒழுங்கு’ தொடக்கத்தில் இடம்பெறவில்லை. ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் இதழ் சென்னை மாகாணத்திற்குள் நுழைய விதிக்கப்பட்ட தடையை 1950ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் நீக்கியது. அதன் பின்னர் 1951ஆம் ஆண்டின் முதல் திருத்தத்தின் வழியாகவே அச்சொல் சேர்க்கப்பட்டது. வரம்பு ‘நியாயமானதாக’ இருத்தல் வேண்டும் என்பதும் அத்திருத்தத்திலேயே இடம்பெற்றது.

எனவே ஒரு பேச்சைத் தடுக்க முனைபவர் இரு வினாக்களுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர். எந்தச் சட்டத்தின்படி தடுக்கிறீர்கள்? எட்டுக் காரணங்களுள் எதன் பொருட்டுத் தடுக்கிறீர்கள்? இவ்வினாக்களை எதிர்கொள்ளாமலே பேச்சை நிறுத்துவதுதான் எழுதப்படாத தணிக்கையின் இயல்பு.

பள்ளி: மௌனமும் கருத்தே

1985ஆம் ஆண்டு கேரளப் பள்ளியொன்றில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று உடன்பிறப்புகள் பயின்றனர். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாட்டுப்பண் பாடப்படும்போது அவர்கள் எழுந்து மரியாதையுடன் நின்றனர், ஆனால் பாடவில்லை. அவர்களது சமய நம்பிக்கை அதற்கு இடந்தரவில்லை. இதனைக் கவனித்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அவையில் எழுப்பினார். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பிள்ளைகள் நாட்டுப்பண்ணை அவமதிக்கவில்லை என்றே அக்குழு தெரிவித்தது. ஆயினும் கல்வித்துறை அதிகாரியின் அறிவுறுத்தலின்படி அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். உயர்நீதிமன்றமும் அவர்களுக்கு உதவவில்லை.

பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள மாநிலம் என அறியப்படும் அவ்வழக்கில், 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி தீர்ப்பெழுதினார். நாட்டுப்பண்ணைப் பாடியே ஆகவேண்டும் என எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. துறைச் சுற்றறிக்கை உறுப்பு 19(2) கூறும் ‘சட்டம்’ ஆகாது என்பவை அத்தீர்ப்பின் அடிப்படைகள். பேசாதிருத்தலும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்பது இதனால் நிலைபெற்றது. இங்கே குழந்தைகளின் குற்றமின்மை விசாரணையிலேயே தெளிவாயிற்று. இருந்தும் அவர்கள் வெளியேற்றப்பட்டனர் என்பது கருதத்தக்கது. தணிக்கைக்குக் குற்றம் தேவைப்படவில்லை. பிறரது சினமே போதுமானதாயிற்று.

திரைப்படம்: அச்சுறுத்தல் ஒரு வாதமாகுமா?

திரைப்படத்திற்கு முன்தணிக்கை உண்டு. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் அதற்கு வழிசெய்கிறது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் தமிழ்ப்படம் இடஒதுக்கீட்டுக் கொள்கையை விமர்சித்தது. தணிக்கை வாரியம் அதற்கு ‘யு’ சான்றிதழ் வழங்கியது. சென்னை உயர்நீதிமன்றம் அச்சான்றிதழை நீக்கியது. படம் திரையிடப்பட்டால் சட்டம் ஒழுங்கு சீர்குலையும் என மாநில அரசின் தரப்பில் வாதிடப்பட்டது.

எஸ். ரங்கராஜன் வழக்கில், 1989ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் உச்சநீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்க மறுத்தது. பேச்சுக்கும் விளையக்கூடிய தீங்குக்கும் இடையே நெருங்கிய, நேரடியான தொடர்பு இருத்தல் வேண்டும். தொலைவான ஊகம் போதாது. ஆர்ப்பாட்டமோ வன்முறையோ நிகழும் என்னும் அச்சுறுத்தலைக் காட்டிக் கருத்தை ஒடுக்கினால், அது மிரட்டலுக்குப் பணிவதாகும். பேசுபவரைக் காப்பதே அரசின் கடமை என்றது நீதிமன்றம். படத்தின் கருத்தோடு நீதிபதிகள் உடன்பட்டனரா என்பது இங்குப் பொருட்டன்று. இடஒதுக்கீட்டை உறுதியாக ஆதரிப்பவரும் இத்தீர்ப்பை ஏற்க முடியும். நாளை அவரது குரலைக் காப்பதும் இதே அளவுகோலே.

புதினம்: அமைதிப் பேச்சுவார்த்தை என்னும் தணிக்கை

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010ஆம் ஆண்டு வெளிவந்தது. நான்காண்டுகளுக்குப் பின்னர், 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் அதற்கு எதிரான போராட்டம் தொடங்கியது, நூற்படிகள் எரிக்கப்பட்டன, கடையடைப்பும் நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை நடைபெற்றது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கோரும் உடன்பாட்டில் ஆசிரியர் கையொப்பமிட்டார். அதன் பின்னர், பெருமாள்முருகன் என்னும் எழுத்தாளன் இறந்துவிட்டான் எனத் தாமே அறிவித்தார்.

நூல் தடைசெய்யப்படவில்லை என்பதே இந்நிகழ்வின் தனித்தன்மை. தடையாணை இருந்திருந்தால் அதனை எதிர்த்து வழக்காடலாம். ‘தாமாக முன்வந்த’ உடன்பாட்டை எதிர்த்து எங்கே முறையிடுவது? இவ்வினாவே நீதிமன்றம் சென்றது. ச. தமிழ்ச்செல்வன் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் தீர்ப்பளித்தனர். அவ்வுடன்பாடு எவரையும் கட்டுப்படுத்தாது. நூலைப் பிடிக்காதவர் படிக்காதிருக்கலாம். ஆசிரியர் மீண்டும் எழுத வேண்டும் என்பவை அத்தீர்ப்பின் சாரம். ஆனால் அதுவரையிலான ஒன்றரை ஆண்டு மௌனத்தை எந்தத் தீர்ப்பாலும் ஈடுசெய்ய இயலாது.

பாடநூல்: நம்முடைய மனம் புண்படும்போது

மேற்கண்ட மூன்றிலும் தடுத்தவர் வேறொருவர் என நாம் விலகி நிற்க இயலும். நான்காவது நிகழ்வு அவ்வாறன்று. 2012ஆம் ஆண்டு தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் அரசியல் அறிவியல் பாடநூல்களிலிருந்த இரு கேலிச்சித்திரங்கள் கண்டனத்திற்கு உள்ளாயின. ஒன்று, அரசமைப்பு ஆக்கத்தின் தாமதம் பற்றி 1949ஆம் ஆண்டு சங்கர் வரைந்தது. அதில் அம்பேத்கர் நத்தைமேல் அமர்ந்திருக்க, நேரு கையில் சாட்டையுடன் நிற்கிறார். மற்றொன்று, 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்தது. முதலாவது தலித் மக்களையும் இரண்டாவது தமிழரையும் புண்படுத்தியதாகக் குரல்கள் எழுந்தன. தமிழகத்தில் எதிரெதிர் அணிக் கட்சிகளும் இதில் ஒன்றுபட்டன. பாடநூலின் முதன்மை ஆலோசகர்களான யோகேந்திர யாதவ், சுகாஸ் பல்சிகர் ஆகியோர் பதவி விலகினர்.

அரசு தன் பாடநூலில் எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது என முடிவுசெய்ய உரிமையுடையது. ஆகையால் இது உறுப்பு 19(2) சார்ந்த வழக்கன்று. வினா முறை பற்றியது. முதற் சித்திரத்தைப் பொறுத்தவரை, நீக்கும் முடிவு நாடாளுமன்றத்தில் முதலில் அறிவிக்கப்பட்டது. ஆய்வுக்குழு பின்னரே அமைந்தது. அக்குழு பல சித்திரங்களை நீக்கப் பரிந்துரைத்தபோது, அதன் உறுப்பினரும் திராவிட இயக்க வரலாற்றாய்வாளருமான எம்.எஸ்.எஸ். பாண்டியன் மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்தார்.

புண்பட்டவர்களின் வலி பொய்யன்று. ஆயினும் 1965ஆம் ஆண்டின் சித்திரம் வகுப்பறையில் ஒரு வரலாற்றுச் சான்று. பம்பாய் ஆங்கில நாளிதழின் ஓவியர் தமிழ் மாணவரை ஏன் அவ்வாறு கண்டார் என ஆசிரியர் வினவலாம். போராட்டக்காரர் தரப்பின் ஆவணத்தை அருகில் வைக்கலாம். சித்திரம் நீங்கினால் ஏளனம் வரலாற்றிலிருந்து நீங்குவதில்லை. அதற்கு விடைகூறும் வாய்ப்பே மாணவரிடமிருந்து நீங்குகிறது.

முடிவுரை

நான்கு நிகழ்வுகளிலும் ஒரே நிரல் காணப்படுகிறது: முதலில் சினம், அடுத்து அச்சம், அதன்பின் நிருவாகத்தின் விரைவான இணக்கம். நீதிமன்றம் வந்த இடங்களில் சட்டம் பேச்சின் பக்கம் நின்றது. ஆனால் காலந்தாழ்ந்தே வந்தது. எனவே கருத்துரிமையை நீதிமன்றம் மட்டும் காக்க இயலாது. ‘எந்தச் சட்டம்? எந்தக் காரணம்?’ என முதல் நாளிலேயே வினவும் தலைமையாசிரியரும் வருவாய் அலுவலரும் வேண்டும். அத்தகையோர் உருவாகும் இடம் பள்ளியே. பாடாமல் நின்ற தோழரோடு ஒரே வரிசையில் நிற்கக் கற்ற மாணவரே, பின்னாளில் தாம் விரும்பாத நூலையும் எரிக்காமல் மூடிவைக்கக் கற்றவராவார்.