முட்டுச்சந்துகளாக நீளும் நகரம்: பழவேற்காட்டுக் கரைக்கு வழி எங்கே?

நகரம் பரவப் பரவச் சாலையின் நீளம் கூடுகிறது. தெருக்கள் ஒன்றோடொன்று சேர்வது குறைகிறது. பாரிங்டன்-லீ, மில்லர்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் உலகச் சாலை வரைபடங்களை அலசி 2020இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது. 1975க்குப் பிந்தைய குடியிருப்புகளில் நாற்சந்திகள் அருகி, முட்டுச்சந்துகள் மலிந்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் பின்பக்கத்து வீட்டுக்குப் போகவும் பெரிய சாலைக்கு வந்து சுற்ற வேண்டும். வண்டி இல்லாமல் முடியாது. வீட்டை இடித்துக் கட்டலாம். மனைகளுக்குப் பத்திரம் பதிந்த பிறகு தெருவை மாற்றுவது அநேகமாக நடக்காது. முதலில் வரையும் கோடுதான் நிலைக்கிறது.

சென்னைக்கு வடக்கே அந்தக் கோடுகள் இப்போது விழுகின்றன. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.யாக விரிந்தது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களை ஒட்டி மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் வயல்கள் மனைப்பிரிவுகளாகின்றன. ஒவ்வொரு மனைப்பிரிவும் தன் எல்லைக்குள் மட்டும் தெரு போட்டுக்கொள்கிறது. பக்கத்துப் பிரிவோடு சேர்வது யாருடைய பொறுப்பும் இல்லை. அங்கீகாரமற்ற மனைகளுக்கு 2017இல் வந்த வரன்முறைத் திட்டமும் பட்டாதாரரின் கவலையைத்தான் தீர்த்தது; துண்டுபட்ட தெருக்களை ஒட்டவைக்கவில்லை. இதன் சுமை கடைசியில் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே இருக்கும் லைட் ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம் போன்ற ஊர்களின் மேல் விழும். புயல் நேரத்தில் வெளியேறவும், ஐஸ் கரைவதற்குள் மீன் சந்தை சேரவும் ஓரிரு வழிகளையே நம்பியிருப்பவர்கள் அவர்கள். வலை உலர்த்தும் மணலும் படகு ஏற்றும் கரையும் வருவாய்ப் பதிவேட்டில் புறம்போக்கு, வரைபடத்தில் வெற்றிடம். ஏரியில் முறைவைத்து மீன்பிடிக்கும் ‘பாடு’ வழக்கமும் பட்டா இல்லாத இந்தப் பொது உரிமையின் மேல்தான் நிற்கிறது. கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் வேலி விழுந்தால், அதைக் கேட்க அந்தப் பாதைக்கெனத் தனியாக ஒரு சர்வே எண்கூட இருக்காது.

தெருக்களை இணைத்தால் ஏரியும் சதுப்பும் அழியும், சுற்றுலா வண்டிகள் குப்பத்துக்குள் புகும் என்பது நியாயமான அச்சம். ஏரியின் பறவைகள் சரணாலயத்துக்கு அருகே புதிய பெருஞ்சாலை கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இணைப்பு என்பது அகலச் சாலை அல்ல. ஏற்கெனவே மனையாகிவிட்ட நிலத்தில் தெருமுனைகளை மூடாமல் அடுத்த நிலத்துக்குத் திறந்து வைத்தாலே போதும்; கார் புகாத அகலத்தில் நடைக்கும் சைக்கிளுக்கும் வழி விடலாம். சுற்றுவழி குறைந்தால் சாலைக்கென்று சதுப்பை நிரப்பும் கட்டாயமும் குறையும். மனைப்பிரிவுக்கு ஒற்றை வாசல் வைப்பது காவலுக்காகவே என்பார்கள். அந்த ஒரு வாசல் வெள்ளத்தில் மூழ்கினால் உள்ளே இருப்பவர்களும் மாட்டிக்கொள்வார்கள். அமெரிக்காவிலேயே 1990களின் நடுவிலிருந்து புதிய தெருக்கள் மறுபடி இணையத் தொடங்கியிருக்கின்றன. இங்கே மனைப்பிரிவு வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரி, தெரு எந்தப் பக்கத்து நிலத்தோடு சேர்கிறது என்று கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். அதற்கு முன்பே, குப்பத்து மக்களை உடன் வைத்துக்கொண்டு, கரைக்குச் செல்லும் ஒவ்வொரு பாதையையும் அளந்து கிராம வரைபடத்தில் ஏற்ற வேண்டும்.