மூன்றரை இலட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகும்...

வில்லியனூரிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில் அரியூரைக் கடந்து செல்வோர், சாலையோரப் பட்டறை வாசல்களில் நிற்கும் பழைய வாகனங்களைக் கண்டிருப்பார்கள். ஒன்றின் முகப்பு திறந்து கிடக்கும். இன்னொன்று சக்கரங்களை இழந்து கற்களின் மேல் அமர்ந்திருக்கும். அவற்றில் சில, காயலாங்கடைக்குப் போகக் காத்திருப்பவை. வேறு சிலவோ ஒரு குடும்பத்தைச் சுமக்கக் காத்திருப்பவை. இந்த இரண்டு வகையையும் பிரித்தறிவது எப்படி என்பதுதான் இக்கட்டுரையின் செய்தி.

நம் சமூகத்து நடுத்தரக் குடும்பங்களில் பழைய வாகனம் வாங்குவோரின் எண்ணிக்கை குறைவன்று. புதிய வண்டி என்றால் தவணை, தவணை என்றால் வட்டி என்பது ஒரு காரணம். கையிலிருக்கும் தொகைக்கு எட்டு பேர் அமரும் புதிய வண்டி எங்கும் கிடைக்காது என்பது மற்றொரு காரணம். ஆகவே, பதினைந்து இருபது ஆண்டுகள் ஓடிய ஒன்றைத் தேடிப் போகிறார்கள். தேடுவதில் தவறில்லை. எதைப் பார்த்து வாங்குவது, வாங்கிய பின் எதை முதலில் சீர்செய்வது என்பதில்தான் பணமும், சில வேளைகளில் உயிரும் அடங்கியிருக்கின்றன.

ஒரு தலைமுறைக்கு முன் இந்த இடத்தில் அம்பாசடர் இருந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வார்ப்பில், மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவாகி, 2014ஆம் ஆண்டு உற்பத்தி நிற்கும் வரை அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய வண்டி அது. சுத்தியலும் ஸ்பேனரும் உள்ள எந்தக் கிராமத்திலும் அதைச் சீர்செய்துவிடலாம் என்பார்கள். (பின்னர் 2017இல் அந்தப் பெயரை மட்டும் பிரான்ஸ் நாட்டின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஒரு காலத்துப் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் வாழும் நமக்கு இச்செய்தி சற்றே வேடிக்கையாகப் படும்.) அம்பாசடருக்குப் பின் கூட்டுக்குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற்றது டொயோட்டாவின் குவாலிஸ். கர்நாடகத்தின் பிடதியில் தயாராகி 2000ஆம் ஆண்டு சந்தைக்கு வந்தது. 2005இல் இன்னோவாவுக்கு இடம் விட்டு விலகியது. ஐந்தே ஆண்டுகள்தாம் விற்பனையில் இருந்தது. ஆயினும் அதன் 2.4 லிட்டர் டீசல் எஞ்சின் பல இலட்சம் கிலோமீட்டரைத் தாங்கும் என்ற பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. உடலுக்குக் கீழே தனிச் சட்டம், பின்புறம் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் என்று, கிராமத்துப் பாதைக்கு ஏற்ற அமைப்பு அது.

அரியூரில் வசிக்கும் என் மைத்துனர் குடும்பம் வாங்கியதும் ஒரு குவாலிஸ்தான். 2004ஆம் ஆண்டு வண்டி. அவருடைய தாயார் சிறுநீரக நோயாளி. வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்காக அவரைப் புதுச்சேரிக்கு அழைத்துச் சென்று திரும்ப வேண்டும். போகும்போது பேருந்தில் தாக்குப்பிடிப்பவர், திரும்பும்போது நிற்கவும் இயலாமல் சோர்ந்துவிடுவார். வாடகைக் கார் வைத்தே ஓராண்டு ஓட்டினார்கள். அந்தச் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் சொந்த வண்டி என்ற பேச்சே எழுந்தது. ஆகவே அவர்களுக்குத் தேவைப்பட்டது அழகான வண்டி அன்று. வழியில் நிற்காத வண்டி.

தண்ணீர் குடித்த வண்டிகள்

முதலில் பார்த்த வண்டி பளபளவென்று இருந்தது, விலையும் குறைவு. “ஹஜ்ரத், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போனதில்லை” என்று தரகர் ஆணையிட்டுச் சொன்னார். எங்களுடன் வந்த மெக்கானிக் ஒன்றும் பேசவில்லை. முன் இருக்கையின் பாதுகாப்புப் பட்டையைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். வெளியில் தெரியும் பகுதி சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டிருந்த பகுதியிலோ சேற்றின் கறை கோடாகப் படிந்திருந்தது. இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு. தரை விரிப்பைத் தூக்கினால் ஈர வாடை. அங்கிருந்து திரும்பிவிட்டோம்.

2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளமும் எத்தனையோ வாகனங்களைத் தண்ணீரில் நிறுத்திவிட்டுப் போயின. நம் பகுதிக்கும் அது வந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை கொட்டியது; சங்கராபரணி ஆற்றிலும் வெள்ளம் வந்தது. இப்படி மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு, மாதங்கள் சில கழித்துச் சந்தைக்கு வருகின்றன. மின் கம்பிகளின் இணைப்புகளில் புகுந்த ஈரம் உடனே தன் வேலையைக் காட்டாது. ஓராண்டுக்குப் பின், ஓர் இரவு நேரத்தில், விளக்குகள் அணைந்த பிறகுதான் தெரியவரும்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, அதை மறைத்து விற்ற வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்வை நாம் அனைவரும் அறிவோம். விற்பவர் அதை மறந்தாலும், வாங்குபவர் உள்ளே கைவிட்டுப் பார்க்கும் வழக்கத்தை மறக்கலாகாது.

எண்களை நம்பாதீர்

இரண்டாவது வண்டியின் மீட்டர் மூன்றரை இலட்சம் கிலோமீட்டர் என்று காட்டியது. பலர் இந்த எண்ணைக் கேட்டதுமே பின்வாங்கிவிடுவார்கள். என் கருத்து நேர்மாறானது. இருபதாண்டு வண்டியில் மீட்டர் எண்பதாயிரம் என்று காட்டினால்தான் ஐயப்பட வேண்டும். மீட்டரைத் திருப்பி வைப்பது எளிது. கிளட்ச் மிதியின் ரப்பர் தேய்ந்திருப்பதையும், ஓட்டுநர் இருக்கையின் விளிம்பு அமுங்கியிருப்பதையும், ஸ்டீயரிங் வளையம் வழவழப்பாகிப் போயிருப்பதையும் திருப்பி வைக்க எவராலும் இயலாது.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே பார்க்க வேண்டும். “நீங்கள் வருவதற்காகவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறேன்” என்று யாராவது சொன்னால் அது உபசாரம் அன்று. சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். முதல் உயிர்ப்பிலேயே எஞ்சின் பற்றிக்கொள்கிறதா என்று பாருங்கள். நீலநிறப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். சூடான பிறகும் வெண்புகை நில்லாவிட்டால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசியக்கூடும். கரும்புகை மட்டும் ஓரளவு மன்னிக்கத்தக்கது; காற்று வடிகட்டியோ டீசல் நாசிலோ சரியானால் பெரும்பாலும் அடங்கும். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர் போன்ற படிவு இருந்தால் எச்சரிக்கை கொள்க. எஞ்சின் ஓடும்போது அந்த மூடியைத் திறந்தால் குபுகுபுவெனப் புகை வெளியேறுமாயின், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன.

இந்த வண்டியில் இவை எதுவும் இல்லை. கரும்புகை சற்று இருந்தது. பிரேக் ஒரு பக்கம் இழுத்தது. பின்கதவின் அடியில் துரு. கடற்காற்று வீசும் ஊர்களில் ஓடிய வண்டியில் துருவை எதிர்பார்க்கவே வேண்டும். கதவிலும் தகட்டிலும் இருந்தால் டிங்கர் பார்த்துக்கொள்வார். அடியிலுள்ள சட்டத்தில் இருந்தால் அந்த வண்டியை விட்டுவிட வேண்டும். மெக்கானிக் கீழே படுத்து, ஒரு சிறு சுத்தியலால் சட்டம் முழுவதையும் தட்டிப் பார்த்தார். எங்கும் ஓசை மாறவில்லை.

எதை முதலில் செய்வது?

வண்டி வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் கேட்டது பாட்டுப்பெட்டி. மைத்துனரின் தம்பி கேட்டது புதிய வண்ணம். இரண்டும் இறுதிக்குத் தள்ளப்பட்டன. நிற்பதற்கானவை முதலில், திரும்புவதற்கானவை அடுத்து, ஓடுவதற்கானவை மூன்றாவது என்பது அந்த மெக்கானிக்கின் வரிசை. இதைவிடச் சிறந்த வரிசையை நான் கேள்விப்பட்டதில்லை.

பிரேக் ஷூக்களும் பேடுகளும் மாற்றப்பட்டன. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மையது. ஈரம் ஏறிய திரவம் சூட்டில் ஆவியாகி, மிதித்த மிதி பிடிக்காமல் போகும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அதை, முந்தைய உரிமையாளர்கள் தொட்டதாகவே தெரியவில்லை. வடித்துப் பார்த்தபோது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. முன்சக்கரங்களின் பால் ஜாயின்ட், புஷ் ஆகியவை அடுத்து மாற்றப்பட்டன.

டயர்கள் நான்கும் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. ஆனால் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்று இருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் முதிர்ந்த ரப்பர் வெடித்து நூல் விடும். நம் கோடைக்காலத் தார்ச்சாலையில் அது எப்போது வெடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. நான்கையும் மாற்றினார்கள். செலவில் பெரும்பங்கு இதற்கே சென்றது.

பிறகு எஞ்சின். இவ்வகை எஞ்சினில் டைமிங் பெல்ட் எனப்படும் ரப்பர் பட்டை ஒன்று உண்டு. ஏறத்தாழ ஓர் இலட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டு, அது ஓட்டத்தில் அறுந்தால், வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினையே பிரிக்க நேரிடும். “போன வருடம்தான் மாற்றினோம்” என்றார் விற்றவர். இரசீது இல்லை. இரசீது இல்லாத பெல்ட்டை மாற்றப்படாத பெல்ட்டாகவே கொள்ள வேண்டும். அதைக் கழற்றும்போதே வாட்டர் பம்பையும் மாற்றிவிடுவது நல்லது. பின்னால் தனியாகச் செய்தால் அதே கூலியை மறுபடியும் தர வேண்டிவரும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, குழாய்களைப் புதிதாக்கி, வெறும் தண்ணீருக்குப் பதிலாகக் கூலன்ட் ஊற்றினார்கள். பழைய டீசல் எஞ்சின்களில் பல, தேய்மானத்தால் சாவதில்லை. ஒருநாள் சூடேறியதைக் கவனியாமல் ஓட்டியதால் சாகின்றன.

உதிரி உறுப்புகளைப் பற்றி ஒரு சொல். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உறுப்புகள் மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மையே. கதவு, கண்ணாடி, இருக்கை, விளக்கு போன்றவற்றை அங்கே தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங், பெல்ட் ஆகியவற்றுக்கு அந்தப் பக்கம் போகவேண்டாம்.

எல்லாம் சேர்ந்து வண்டியின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆயிற்று. இதை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் விலை பேசினார்கள். கையிலுள்ள தொகை முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட்டுச் சீர்செய்வதை “பிறகு பார்க்கலாம்” என்று ஒத்திப்போடுவோர்தாம் நடுச்சாலையில் நிற்கிறார்கள்.

பெயர் மாறும்வரை வண்டி மாறவில்லை

நம்மவர்கள் மிகவும் அலட்சியம் காட்டுவது இங்கேதான். பணம் கைமாறியதும் வண்டியும் மாறிவிட்டதாக எண்ணுகிறார்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30 ஆகியன இதற்கானவை. காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் புதிய பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

மாற்றாவிட்டால் என்ன ஆகும்? நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் 2018ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் இதற்கு விடையளித்தது. ஒருவர் விற்ற கார் அடுத்தடுத்துப் பல கைகளுக்கு மாறியது. பதிவேட்டில் மட்டும் பெயர் மாறவில்லை. அந்தக் கார் மோதி ஓர் உயிர் போயிற்று. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எப்போதோ விற்றுவிட்ட வண்டிக்காக நீதிமன்றப் படியேறும் நிலை யாருக்கு வேண்டும்? ஆகவே இது வாங்குபவருக்கு மட்டுமன்று, விற்பவருக்கும் உரிய எச்சரிக்கை.

வெளிமாநில வண்டியாயின் படிவம் 28, அதாவது தடையில்லாச் சான்று, இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம். டெல்லிப் பகுதியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டதையும், உச்சநீதிமன்றம் 2018இல் அதை உறுதிசெய்ததையும் தொடர்ந்து, அங்கிருந்து மலிவு விலையில் வண்டிகள் தெற்கே வந்தன. வண்டி நல்லதாகவே இருக்கலாம். இங்கே பதிவு மாற்றம், வரி, அலைச்சல் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் மறைந்துவிடும். கடன் முடிந்த வண்டியாயின், பதிவுச் சான்றில் நிதி நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாயாக உயர்ந்தது. இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 ரூபாயாக்கப்பட்டது. விலை பேசும்போது பதிவு எந்த ஆண்டுவரை செல்லும் என்று முதலில் கேளுங்கள். அந்தக் கேள்வி ஒன்றே விலையைக் குறைக்கும்.

இனி இருக்கைகள். இந்த வண்டிகள் சிலவற்றின் பின்பகுதியில் எதிரெதிராகப் பக்கவாட்டு இருக்கைகள் உண்டு. பிள்ளைகள் அங்கே அமரவே அடம்பிடிப்பார்கள். காற்றுப்பை ஏதுமில்லாத பழைய வண்டியில், பாதுகாப்புப் பட்டையும் இல்லாத அந்த இடத்தில் பிள்ளைகளை உட்கார வைப்பதை நான் ஒப்பமாட்டேன். 2022 செப்டம்பரில் டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே விபத்தில் உயிரிழந்தார். அவர் சென்றது விலையுயர்ந்த வெளிநாட்டுக் கார். பின்னிருக்கையில் பட்டை அணியாமல் அமர்ந்திருந்தார் என்று காவல்துறை கூறியது. மைத்துனர் அந்தப் பக்கவாட்டு இருக்கைகளைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, நடு இருக்கையில் மூவருக்கும் பட்டை பொருத்தினார். எட்டு பேர் வண்டி ஐந்து பேர் வண்டியாயிற்று. வீட்டில் இதற்கு முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது. காலியான இடத்தில் இப்போது தாயாரின் சக்கர நாற்காலி மடித்து வைக்கப்படுகிறது.

வண்ணம் இன்னும் பூசவில்லை. ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. எண்ணெய் மாற்றிய நாள், டயரின் எண், பிரேக் திரவம் ஊற்றிய மாதம் ஆகிய அனைத்தும் அதில் ஏறுகின்றன. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதப்பட்டிருப்பது இதுதான்: “பெல்ட் மாற்றியது 3,52,000. அடுத்தது 4,52,000. இரசீது உறையில்.”