சிக்கனமாக ஒரு நல்ல மிருதங்கம்: எதைப் பார்த்து வாங்குவது?

மிருதங்கத்தில் காசு போட வேண்டிய இடம் கட்டைதான். தோலும் வாரும் தேய்ந்தால் மாற்றலாம், கட்டை நிலையானது. நன்கு உலர்ந்த, கெட்டியான பலாக்கட்டை அதிர்வை விழுங்காது. ஈரம் காயாத மரம் நாளடைவில் வெடிக்கும்.

வலக்கையால் வாசிக்கும் பக்கமான வலந்தலையின் நடுவில் கருப்பாக இருக்கும் கரணை எதற்கு? வெறும் தோலின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாமல் இரையும். கரணையின் எடை அவற்றை அடிப்படைச் சுருதியின் மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது. இதை ஆராய்ந்து விளக்கியவர் இயற்பியலாளர் சி.வி. ராமன்.

வாங்கும்போது வலந்தலையின் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டினால் எங்கும் ஒரே சுருதி கேட்க வேண்டும். பிசகினால் வாரின் இழுப்பு சீராக இல்லை, அதைச் சரிசெய்யலாம். கட்டையில் விரிசல் இருந்தால் விட்டுவிடுவதே நல்லது.

இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் தனிக் கருவி தேட வேண்டியதில்லை. வழக்கமான மிருதங்கத்தையே திருப்பி வைத்து வாசிக்கலாம். மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையரே.