குடியானவர் நிலத்தில் பயிர்ச் சோதனை

புது விதையையோ புது முறையையோ பண்ணையில் சோதித்து, முடிவைக் குடியானவருக்கு உபதேசிப்பதே வெகுகால வழக்கம். பண்ணையில் செழித்த பயிர் குடியானவர் நிலத்தில் தோற்பதுண்டு. நன்கு விளைந்தும் வீட்டாரால் வேண்டப்படாமற் போவதுமுண்டு. ஆகவே, சோதனையின் தொடக்கத்திலேயே குடியானவரைக் கலந்துகொள்ளும் முறை கையாளப்படலாயிற்று.

சென்னையில் அடையாற்றுக்குத் தெற்கே தரமணியில், டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் 1988-ம் வருஷம் நிறுவிய ஆராய்ச்சி ஸ்தாபனம், நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்த கொல்லிமலையில் 1990-களில் தொடங்கி மேற்கொண்ட வேலை இதற்குத் தக்க உதாரணம். அங்கு மலையாளி என்னும் மலைக்குடிகள் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றைத் தலைமுறையாகப் பயிரிட்டு வந்தனர். சமவெளி ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கு பணமாகவே, சிறுதானிய நிலம் சுருங்கிற்று. கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை போன்ற உள்ளூர் ரகங்களின் விதையும் அரிதாயிற்று.

மகசூற் குறைவே முழுக் காரணமென்று வெளியார் எண்ணக்கூடும். வீட்டுப் பெண்களின் கஷ்டமோ வேறு. சாமையை உரலிலிட்டுக் குத்தி உமி நீக்கும் கடும் உழைப்பு அவர்களுடையது. ஆதலால், நிலத்தில் உள்ளூர் ரகங்களையும், கைவிதைப்புக்கு எதிராக வரிசை விதைப்பையும் குடியானவருடன் ஒப்பிட்டுப் பார்த்ததோடு, ஊரில் உமி நீக்கும் இயந்திரங்களும் விதை வங்கிகளும் அமைக்கப்பட்டன. மரவள்ளி மலையை விட்டு நீங்கிவிடவில்லை. விலையின் பலத்தைச் சோதனை ஒன்றால் வெல்ல இயலாது. எனினும், உழவுக் கஷ்டத்துடன் அடுப்பங்கரைக் கஷ்டத்தையும் கேட்டறிந்தாலன்றிப் பரிகாரம் முழுமையாகாது என்பது இதனால் விளங்கும்.

இம்முறையை எந்தக் கிராமத்திலும் அனுசரிக்கலாம். ஒரே மண்ணும் ஒரே பாய்ச்சலும் உள்ள வயலை இரு பாதியாக்கி, ஒன்றில் பழைய ரகத்தையும் மற்றதில் புதியதையும் ஒரே நாளில் விதைக்க வேண்டும். உரமும் களையெடுப்பும் சமமாயிருத்தல் அவசியம். அறுவடையில் ஒவ்வொன்றிலும் ஒரு சென்ட், அதாவது சுமார் 40 சதுர மீட்டர், தனியே அறுத்து, உலர்த்தி, நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வைக்கோல், ஆட்கூலி, சோற்றின் ருசி ஆகியவற்றையும் வீட்டார் மதிப்பிடுவது நலம். ஒருவர் நிலத்தின் முடிவு போதாது. சிறு நிலக்காரர் உட்படப் பலர் நிலங்களில் இதைச் செய்தல் வேண்டும்.

பயிர் பழுதானால் நஷ்டம் யாரைச் சேர்வது என்பதைக் கிராம அதிகாரிகள் விதைப்புக்கு முன்பே ஊரார் அறியப் பேசி முடிப்பார்களாக. அந்தப் பயம் நீங்கினால்தான் ஏழைக் குடியானவர் சோதனைக்குத் தம் நிலத்தை மனமுவந்து அளிப்பார்.