கரைவலைக் கயிறும் பல்கலைக்கழக மேடையும்

பல்கலைக்கழகத்தில் நடக்கும் நாடகத்தையோ நினைவுப் பேருரையையோ நூல் வெளியீட்டையோ பார்க்க, அங்கே படிப்பவராக இருக்கத் தேவையில்லை. இதைச் சொன்னால் எங்கள் ஊரான எத்தாளையில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். நாடகமும் அரங்கியலும் பாடம் எடுத்த பிள்ளைகளை ஒருமுறை ஒரு பல்கலைக்கழகத்துக்கு நாடகம் பார்க்கக் கூட்டிப்போனேன். வாசலில் நின்று ஒரு பிள்ளை என் சேலையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், நாங்களும் உள்ளுக்குப் போகலாமா?” என்று கேட்டாள். அழைப்பிதழில் எல்லோரும் வரலாம் என்றுதான் போட்டிருந்தது. அந்த அழைப்பிதழ் எங்கள் ஊர்ப்பக்கம் வருவதில்லை என்பதுதான் விஷயம்.

பாலாவியில் திரும்பிக் கற்பிட்டிக்குப் போகும் வீதியில் இருக்கிறது எத்தாளை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு, நடுவில் மணல். அந்த மணலில் தண்ணீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் செய்கிறோம். மீதிப்பேர் கடலுக்குப் போகிறார்கள். வடமேல் மாகாணத்துக்கென்று 1999 இல் வயம்ப பல்கலைக்கழகம் வந்தது. விவசாயம், விஞ்ஞானம், முகாமைத்துவம் என்று அது வளர்ந்தது. தமிழையோ வரலாற்றையோ நாடகத்தையோ தமிழில் படிக்க விரும்பும் எங்கள் பிள்ளைகள் பேராதனைக்கோ கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ ஒலுவிலுக்கோ போக வேண்டும். போகிறவர்கள் சிலர். அவர்களுடைய வாப்பாவும் உம்மாவும் அந்த மண்டபங்களின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே இருந்துவிடுகிறார்கள்.

ஆனால் இலங்கைப் பல்கலைக்கழகங்களின் பெரிய கலை நிகழ்ச்சிகளை எடுத்துப் பார்த்தால், அவற்றின் வேர் எங்களைப் போன்ற கரையோரங்களிலும் வயல் ஊர்களிலும்தான் கிடக்கிறது. நான் பேராதனையில் படித்த காலத்தில், மாணவர் ‘வல’ என்று சொல்லும் திறந்தவெளி அரங்கின் படிகளில் பாய் போட்டு உட்கார்ந்து பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் ‘சிங்கபாகு’வைப் பார்த்தேன். 1961 இல் முதன்முதலாக அது மேடையேறியதும் அதே அரங்கில்தான். அரங்கு இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. எனக்கு அப்போது சிங்களம் பாதிதான் விளங்கும். பாட்டு மட்டும் அந்நியமாக இல்லை. பாத்திரம் வரவு சொல்லி நுழைவதும், பின்னணியில் ஆட்கள் நின்று பாடுவதும் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

கேட்டதுதான். சரச்சந்திர 1956 நவம்பரில் கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் ‘மனமே’யை மேடையேற்றுவதற்கு முன்னால் பல வருடம் கிராமிய நாடகங்களைத் தேடித் திரிந்தவர். அவற்றைப் பற்றி நூலும் எழுதினார். அம்பலாங்கொடைப் பக்கத்தில் ‘நாடகம’ என்னும் சிங்களக் கிராமிய நாடகத்தின் ஆசிரியர் சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருநான்சேயிடமிருந்து மெட்டும் ஆட்டமும் எடுத்துக்கொண்டார். அந்தச் சிங்கள நாடகம தமிழ்க் கூத்திலிருந்து வந்தது. கத்தோலிக்க மீனவ ஊர்கள் வழியாக மேற்குக் கரையால் தெற்கே இறங்கியது என்பது ஆய்வாளர் பலர் ஒத்துக்கொண்ட செய்தி. அந்த வழியில்தான் எங்கள் கரை இருக்கிறது. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் உலகத்துக்குக் காட்டிய ஒரு பெரும் படைப்பின் மெட்டு இந்தக் கடலோரமாக நடந்து போயிருக்கிறது என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

‘மனமே’யின் வெற்றி பேராதனையின் தமிழ்த்துறையை உசுப்பிவிட்டது. அதற்கு முன்பே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகம் எழுதி மாணவரை நடிக்கவைத்திருந்தார். அவருக்குப் பின் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் கூத்து ஆசிரியர்களான அண்ணாவிமாரைத் தேடிப்போனார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடும் கூத்தைச் சுருக்கி, படச்சட்ட மேடைக்கு ஏற்றபடி அமைத்து, பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ஆடவைத்தார். 1962 இல் ‘கர்ணன் போர்’, அடுத்த வருடம் ‘நொண்டி நாடகம்’, பிறகு ‘இராவணேசன்’, 1968 இல் ‘வாலி வதை’. மட்டக்களப்பிலிருந்து படிக்க வந்த சி. மௌனகுரு அந்த மேடையில் ஆடிய மாணவர். பின்னாளில் பேராசிரியராகி அந்த வழியைக் கிழக்குக்கே திருப்பிக் கொண்டுபோனார். படித்தவர்கள் கூத்து என்றால் முகம் சுளித்த காலம் அது. அந்தச் சுளிப்பை உடைத்தது பேராதனை. வித்தியானந்தன் அதோடு நிற்கவில்லை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க நாடக ஏடுகளைத் தேடி ‘என்றீக்கு எம்பரதோர்’, ‘மூவிராசர் நாடகம்’ என்று ஒவ்வொன்றாக அச்சுக்குக் கொண்டுவந்தார். அவர் பதிப்பிக்காவிட்டால் இன்று நாங்கள் கையில் எடுத்துப் பார்க்க எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

இந்த வழிக்கு எதிர்க்கேள்வியும் உண்டு, நியாயமான கேள்வி. சுருக்கிய கூத்து நகரத்து மேடைக்குப் போய்ப் புகழ் பெற்றது. அதை வைத்திருந்த ஊருக்கு என்ன கிடைத்தது? கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கர் இதைக் கேட்டதோடு வேறொரு வழியையும் செய்து காட்டினார். மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊராரோடு உட்கார்ந்து, எந்தக் கதையை எடுப்பது, பெண் பாத்திரங்களை எப்படி நடத்துவது, சாதிப் பேச்சை என்ன செய்வது என்று அவர்களையே பேசவைத்து, அவர்கள் களரியிலேயே கூத்தை மீளுருவாக்கம் செய்தார். இரண்டில் எது சரி என்று என்னைக் கேட்டால், வித்தியானந்தன் தொடக்கியது அந்தக் காலத்துக்குத் தேவைப்பட்டது, எத்தாளைக்கு இன்று தேவைப்படுவது ஜெயசங்கரின் வழி என்பேன்.

யாழ்ப்பாணத்தில் வேறொரு மாதிரி நடந்தது. 1974 இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழக வளாகத்தின் முதல் தலைவர் க. கைலாசபதி, அங்குள்ள கலையரங்கு இன்று அவர் பெயரில் இருக்கிறது. 1985 இல், போர் கனத்த நேரத்தில், குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை க. சிதம்பரநாதன் நெறிப்படுத்த, பல்கலைக்கழக மாணவர்கள் நடித்தார்கள். அதைக் கலையரங்கோடு விட்டுவிடாமல் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வீட்டில் பிள்ளையைத் தொலைத்த தாய்மார் அதைப் பார்க்க வந்தார்கள். ஒரு பல்கலைக்கழகம் தன் மக்களோடு பேசுவது என்றால் அது என்னவென்று அந்த நாடகம் காட்டியது.

இந்தியாவிலும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சாந்திநிகேதனின் பௌஷ் மேளா, தாகூர் 1921 இல் விஸ்வபாரதியைத் தொடங்குவதற்கு முன்பே வேர்விட்டது. சுற்றுவட்டக் கிராமத்தார் தங்கள் கைவேலைப் பொருட்களோடு வருவார்கள், பாவுல் பாடகர்கள் இரவெல்லாம் பாடுவார்கள், மாணவர் அவர்களோடு தரையில் இருந்து கேட்பார்கள். சரச்சந்திர சாந்திநிகேதனில் படித்தவர் என்பதை இங்கே மறக்கக் கூடாது.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன். தெற்கே உடப்பில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு இருக்கிறது. ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் கயிற்றை இழுத்தபடி பின்பாட்டுச் சொல்வார்கள். அங்கே ஒரு பெரியவரிடம், “அண்ணன், ஒரு பாட்டுப் பாடிக் காட்டுங்களேன், பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும்” என்று கேட்டேன். அவர் இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்திவிட்டார். “டீச்சர், சும்மா குந்திக்கொண்டு பாடினா வராது. கயிறு கையில இருக்கோணும், எதிரால வலை கனக்கோணும்.” அன்று அவர் சொன்னதை எந்த ஆய்வரங்கிலும் நான் கேட்கவில்லை. இசைத்துறை மாணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு விடியற்காலையில் அந்தக் கடற்கரைக்கு வரவேண்டும்; பிறகு அந்தப் பெரியவரும் அவரோடு இழுப்பவர்களும், கயிற்றோடு, பல்கலைக்கழக மேடைக்குப் போகவேண்டும். கரைவலை வேலைக்கு ஆள் குறைந்துகொண்டு வருகிறது. பிந்தினால் பாட்டும் போய்விடும்.

எங்களிடம் பேசுவதற்கு வரலாறும் உண்டு. சைமன் காசிச்செட்டி 1807 இல் கற்பிட்டியில் பிறந்தவர். இலங்கையின் ஊர் விவரங்களைத் தொகுத்து 1834 இல் நூலாக்கினார், சட்டசபையில் இருந்தார், 1859 இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ‘தமிழ் புளூட்டாக்’ என்று ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். தமிழ் இலக்கிய வரலாறு எழுதப் புகுந்த எவரும் கடந்துபோக முடியாத நூல் அது. கற்பிட்டி ஒல்லாந்தர் கோட்டையைப் பார்க்கப் போகும் எங்கள் பிள்ளைகளில் அவர் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர்? 1344 இல் பயணி இப்னு பதூதா வந்திறங்கி மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த ‘பத்தாலா’ புத்தளம் என்றே வரலாற்றாசிரியர் பலர் கொள்கிறார்கள். இதை ஒரு பேராசிரியர் இங்கே வந்து, படம் காட்டி, பொறுமையாக விளக்கினால் மீன் வாடியில் வேலைசெய்கிறவரும் கேட்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் எங்கள் கற்பிட்டிக் குடாநாட்டிலும் வந்து தங்கினார்கள். எருக்கலம்பிட்டியையும் முசலியையும் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவையும் நினைவில் வைத்திருக்கும் பெரியம்மாக்கள் எங்கள் பக்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய தாலாட்டும் கல்யாணப் பாட்டும் விட்டுவந்த வீட்டின் வாசல் எந்தத் திசையில் இருந்தது என்பதும் வாய்மொழி வரலாறு. வரலாற்றுத்துறைகள் அவர்களைத் தேடி வரவேண்டும். அவர்களை மேடையில் அழவைத்துப் படம் பிடிப்பதற்காக வரக்கூடாது. கேட்டதை எழுதி, எழுதியதை அவர்கள் கையில் கொடுத்து, சரிதானா என்று கேட்க வரவேண்டும்.

ஆகவே பீடாதிபதிகளுக்கும் துறைத்தலைவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. வருடத்தில் ஒரு நிகழ்ச்சியை எங்கள் குடாநாட்டில் வையுங்கள். மண்டபத்துக்குப் பாடசாலை இருக்கிறது; கதிரை போதாவிட்டால் பாய் விரிப்போம். போயா விடுமுறை நாள் நல்லது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரமும் நோன்பு மாதமும் வேண்டாம். அஸர் தொழுகை முடிந்து தொடங்கினால் பெண்களும் வருவார்கள், இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரலாம். பேச்சு முக்கால் மணி, கேள்விக்கு ஒரு மணி. அழைப்பிதழைப் பள்ளிவாசல், கோயில், தேவாலயம், மீனவர் சங்கம் நான்குக்கும் இரண்டு கிழமைக்கு முன்னால் அனுப்புங்கள். சொல்லவேண்டியவர்களுக்கு நாங்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறோம்.