நாவும் தராசும்

சுவையை ஆறாக வகுத்த நம் முன்னோர் துவர்ப்பையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். பாக்கிலும் வாழைப்பூவிலும் நாம் உணரும் சுவை அது. துவர் என்னும் சொல்லுக்குச் செந்நிறம் என்ற பொருளும் உண்டு. துவரிதழ், துவராடை என்னும் வழக்குகளை நோக்குக. நல்ல தேநீர்க் கிண்ணமொன்றில் நாவுக்குரிய துவரும் கண்ணுக்குரிய துவரும் ஒருங்கே நிற்கின்றன. தமிழர் தேயிலையை அறிவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தமிழ் அதற்கொரு சொல்லை ஆயத்தஞ் செய்து வைத்திருந்தது போலும்!

கடைகளில் நாம் வாங்கும் பொதித் தேயிலை பெரும்பாலும் பல தோட்டத்து இலைகளின் கலவையாகும். ஆண்டு முழுவதும் சுவை மாறாதிருத்தற்பொருட்டே அவ்வாறு கலக்கின்றனர். ஆயின் அண்மைக்காலத்தில், ஒரே தோட்டத்தில் ஒரே பருவத்தில் ஆக்கிய ஒரு தொகுதியைத் தேர்ந்தெடுத்து, வேறெதனோடும் கலவாமல் அத்தோட்டத்தின் பெயராலேயே விற்கும் வழக்கம் பெருகி வருகின்றது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மதுவுக்கும் இத்தகைய வழக்கு உண்டு. அங்கே, உள்ளே கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாய்களில் மக்காச்சோள மதுவை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைப்பர். வடித்த சரக்கு ஒன்றேயாயினும், பண்டகசாலையில் வைத்த இடத்துக்கேற்பப் பீப்பாய்க்குப் பீப்பாய் சுவை வேறுபடும். கடைக்காரர் ஒரு பீப்பாயைத் தாமே சுவைத்துத் தேர்ந்து அதனை மட்டும் விற்பர். மதுவைப் போற்றுதல் நம் நோக்கமன்று. கலவையில் மறைந்துபோகும் தனிக்குணம் தனித்து நிற்கும்போதுதான் தெரியவரும் என்ற உண்மைக்கே அதனை எடுத்துக் காட்டினோம்.

அத்தனிக்குணத்தை மதிப்பிடும் முறை யாது? தேயிலைச் சுவைஞர் முதலில் உலர்ந்த இலையைக் கையிலெடுத்து அதன் நிறத்தையும் முறுக்கையும் நோக்குவர். பின்னர் மூடியுள்ள வெண்பீங்கான் குவளையில் இலையிட்டு வெந்நீர் வார்ப்பர். 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் இலை, ஊறுங்காலம் 6 நிமிடம் என்பது 1980ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட உலகத் தரமுறை. வடித்தபின் ஊறிய இலையின் நிறத்தைப் பார்த்து, அதன் மணத்தை முகர்வர். இறுதியில் சாயத்தைக் கரண்டியால் எடுத்து ஓசையெழ உறிஞ்சி, நாவெங்கும் பரவவிட்டு உமிழ்ந்துவிடுவர். ஓசையெழ உறிஞ்சுதல் நாகரிகக் குறைவன்று. காற்றோடு கலந்த மணம் மூக்கின் உட்புறத்தை அடைவதற்கான உபாயம் அது.

கிண்ணம் பொய் சொல்லாது. கொழுந்து சரிவர வாடாமலோ புளிக்காமலோ இருந்தால் பச்சை வாடை வீசும். மிகைபடப் புளித்தால் சாயம் மங்கி, சுவை சப்பென்றாகும். அடுப்புச் சூடு மிகுந்தால் கருகல் தட்டும். வெறுந் துவர்ப்பு நாவை இறுக்கும். நல்ல துவர்ப்போ நாவைத் துலக்கி விழிப்பூட்டும். இலை புளிக்கும்போது தோன்றும் தியாஃபிளாவின் என்னும் பொருளே அந்தத் துடிப்புக்கும் பொன்னொளிக்கும் பெருங்காரணம் என்பர் இரசாயன அறிஞர். சுவையையும் நிறத்தையும் ஒரு சொல்லால் குறித்த தமிழ் வழக்குக்கு அறிவியல் தந்த சான்றாக இதனைக் கொள்ளலாம்.

இடமும் பருவமும் கூட நாவுக்குத் தெரியும். 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவின் தேநீர் இளநிறமும் நுண்மணமும் உடையது. ஹற்றன், தலவாக்கலைப் பகுதிகளை உள்ளடக்கிய திம்புள்ளத் தேயிலை, தை மாசி மாதங்களில் குளிர்ந்த வறண்ட காற்று வீசும்போது சிறப்பெய்தும். அப்போது தளிர் மெல்ல வளரும். மணம் அதில் செறியும்.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் கண்டிச் சீமையின் லூல்கந்தரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1883ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30ஆம் நாள் கொழும்பில் முதலாவது பகிரங்க ஏலம் நடந்தது. அந்த ஏலம் 2020ஆம் ஆண்டில் கணினி வழிக்கு மாறிய பின்னரும், சுவைத்து விலை மதிக்கும் வேலை மாந்தர் நாவினிடமே உள்ளது.

இனி, அந்த நாவு அறியாத ஒன்றைக் கூறுவோம். மேற்சொன்ன நலங்களுக்கெல்லாம் முதல் ஈரிலையும் ஓரரும்புமாகக் கொழுந்தெடுக்கும் கை. முற்றிய இலை கூடையில் விழுந்துவிட்டால், இஸ்டோரில் எத்துணை வல்ல டீமேக்கர் இருந்தாலும் அதனை நற்றேயிலையாக்க இயலாது. ஆயினும் அந்தக் கையை அளப்பது நாவன்று. கொழுந்து மடுவத்துத் தராசு. ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். தராசு கிலோவைக் கேட்கின்றது. நாவு மென்மையைக் கேட்கின்றது. 2021ஆம் ஆண்டில் நாட்கூலி ஆயிரம் ரூபாயென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபின், எடுக்கவேண்டிய கிலோவின் அளவும் பல தோட்டங்களில் கூட்டப்பட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. விரைந்து பறி என்பதும் தேர்ந்து பறி என்பதும் ஒரே கைக்கு இடப்படும் இரு கட்டளைகள். இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுதல் அரிது. குறை நேர்ந்தால் கடிந்துரைக்கப்படுவது அக்கையே.

மற்றொன்றும் உண்டு. மலையேறிக் கொழுந்தெடுத்தவள் மாலையில் லயத்தில் அருந்தும் தேத்தண்ணி பெரும்பாலும் தூள் தேயிலையில் ஊறியது. தன் கை ஆக்கிய நறுமணத்தைத் தன் நாவால் அறிந்தோர் தோட்டங்களில் மிகச் சிலரே. அதனைப் புகழும் சொற்களும் அவளுக்குத் தெரியாத ஆங்கிலத்திலேயே வழங்குகின்றன.

இக்குறை தீரச் செய்யத்தக்கவை இரண்டு. சுவைக்கும் மேசையைத் தோட்டத்துக்குள்ளும் கொண்டு செல்லவேண்டும். கொழுந்தெடுப்போரும் அவர்தம் பிள்ளைகளும் கிண்ணங்களை வரிசையாக வைத்துச் சுவைத்து, துவர், துடிப்பு, கனம், மணம், பச்சை வாடை, கருகல் என்று தம் மொழியிலேயே தீர்ப்புரைக்கப் பழகவேண்டும். தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் அறிவு அதற்குத் துணையாகலாம். அடுத்து, தனித்தோட்டத் தேயிலையென்று உயர்ந்த விலை பெறுவோர், அவ்வுயர்வில் ஒரு பங்கை எடைக்கன்றிக் கொழுந்தின் தரத்துக்கென மடுவத்திலேயே கணக்கிட்டு வழங்கவேண்டும்.

தோட்டத்தின் பெயரைப் பொதியின்மேல் பொறித்தவர்கள் பாதி நியாயஞ் செய்துவிட்டார்கள். அத்தோட்டத்து மக்களின் கைத்திறனை விலையிலும் பொறித்தால் மறுபாதியும் நிறைவுறும். அன்றுதான் நாவும் தராசும் ஒரே தீர்ப்பைக் கூறும்.