தண்ணீர் இல்லாத ஊரில் தங்கம் சலிப்பது: நானே செய்த துருத்திப் பெட்டியும் அது சொல்லிக் கொடுத்த பாடமும்

என் மேசை மேல் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கிறது. உள்ளே 0.4 கிராம் தங்கம். ஒரு பவுனில் இருபதில் ஒரு பங்கு. மூன்று பயணம், ஒரு குளிர்காலம் முழுக்க கராஜில் தச்சு வேலை, பிறகு ஆறு வாரம் உடம்புக்கு முடியாமல் கிடந்தது, எல்லாம் சேர்ந்த வரவு இதுதான். "கடையில வாங்கியிருந்தா ஒரு மூக்குத்தியாவது தேறியிருக்குமே" என்று வீட்டில் சொன்னார்கள். உண்மைதான். ஆனாலும் இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. குறிப்பாக அந்த ஆறு வாரத்தைப் பற்றி.

முதலில் இடம். தெற்குக் கலிபோர்னியாவில் மொகாவி பாலைவனத்தின் வடமேற்கு ஓரத்தில் எல் பாஸோ மலைகள் இருக்கின்றன. 1893-ல் அங்கே கோலர் பள்ளத்தாக்கில் மண்ணோடு மண்ணாகக் கிடந்த தங்கத்தைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1895-ல், பக்கத்திலேயே பாறைத் தங்கம் கிடைக்க, ராண்ட்ஸ்பர்க் என்ற ஊரே முளைத்தது. சிக்கல் ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் கிடையாது. சினிமாவில் காட்டுவது போல ஓடையில் உட்கார்ந்து தட்டை அலசிக்கொண்டிருக்க முடியாது.

தண்ணீர் இல்லாவிட்டால் என்ன செய்வது? நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம்தான். களத்தில் நெல்லைத் தூற்றுகிற மாதிரி மண்ணைத் தூற்றுவது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1892-ல் கூல்கார்டியிலும், அடுத்த வருஷம் கால்கூர்லியிலும் தங்கம் கிடைத்தபோது அங்கே ஓடியவர்கள் இதைத்தான் செய்தார்கள். ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு உயரத்திலிருந்து மண்ணைக் கொட்டுவார்கள். காற்று தூசியைக் கொண்டுபோகும், கனமானது நேரே கீழே விழும். 500 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு கால்கூர்லிக்குத் தண்ணீர் கொண்டுவந்தது 1903-ல்தான். அதுவரை காற்றுதான் கதி.

காற்று ஏன் தண்ணீரைவிட மோசம்?

இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், ஒரு வகுத்தல்தான்.

தங்கத்தின் அடர்த்தி 19.3. சாதாரண மணல், அதாவது குவார்ட்ஸ், 2.65. காற்றில் இரண்டுக்கும் உள்ள விகிதம் சுமார் 7.3. தண்ணீருக்குள் போட்டால் மிதப்பு விசை இரண்டிலிருந்தும் 1-ஐக் கழித்துவிடும்: 18.3-க்கு 1.65. விகிதம் 11. ஆக, தண்ணீர் தங்கத்தையும் மணலையும் இன்னும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. காற்றில் அந்த வித்தியாசம் மங்கிப் போகிறது.

இதைவிடப் பெரிய வில்லன் துகளின் அளவு. காற்று ஒரு துகளைத் தூக்குவது அதன் பரப்பைப் பிடித்து. துகள் கீழே விழுவது அதன் எடையால். அதனால் பெரிய மணலும் சின்னத் தங்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். மிகப் பொடியான துகள்களுக்கு, தங்கத்தைவிட விட்டத்தில் வெறும் 2.7 மடங்கு பெரிய மணல்கூட அதே வேகத்தில்தான் விழும் (7.3-ன் வர்க்கமூலம்). சலிக்காத மண்ணைப் பெட்டியில் கொட்டினால் காற்றுக்கு எது தங்கம், எது மணல் என்றே தெரியாது. அதனால் முதல் கருவி பெட்டி இல்லை, சல்லடை. எவ்வளவு ஒரே சீரான அளவில் சலிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

பெட்டி

டிரைவாஷர் என்று சொல்லப்படும் இந்தக் கருவியின் அமைப்பு எளிது. மேலே சல்லடை போட்ட ஒரு தொட்டி. அதன் கீழே சாய்வான தட்டு. தட்டின் அடிப்பக்கம் துணி, குறுக்கே சின்னச் சின்னக் கட்டைகள். இவற்றை ரிஃபிள் என்பார்கள். துணிக்குக் கீழே துருத்தி. துருத்தி 'புஸ், புஸ்' என்று விட்டு விட்டு ஊதும். ஒவ்வொரு ஊதலிலும் மணல் குதித்துக் கட்டையைத் தாண்டிச் சரிவில் இறங்கும். தங்கம் குறைவாகவே குதிக்கும், கட்டைக்குப் பின்னால் துணிமேல் படிந்துவிடும்.

என் அளவுகள்: தட்டு 30 செ.மீ. அகலம், 75 செ.மீ. நீளம், 12 மி.மீ. உயரத்தில் ஐந்து கட்டைகள். துருத்திக்கு பிளைவுட்டும் ரெக்ஸினும். மோட்டார் வைக்கவில்லை. அரசு நிலத்தில் கைக்கருவியோடு சின்ன அளவில் தேடினால் பெரும்பாலும் தனி அனுமதி வேண்டியதில்லை, மோட்டார் வந்தால் கேள்வி வரும். (அடுத்தவர் பதிந்து வைத்த கிளெய்முக்குள் எதை வைத்துத் தோண்டினாலும் தப்புதான், வரைபடம் பார்த்துவிட்டுப் போங்கள்.) அதனால் கைப்பிடி சுற்றுகிற மாதிரி செய்தேன். அச்சில் நான்கு முனை உள்ள ஒரு கேம். நிமிஷத்துக்கு 45 சுற்று சுற்றினால் 180 ஊதல்.

துணிக்கு முதலில் பழைய பெட்ஷீட் போட்டேன். நெசவு நெருக்கமாக இருந்ததால் காற்றே வரவில்லை. கடைசியில் ஒத்து வந்தது என் பழைய பருத்தி வேட்டி, இரண்டாக மடித்து, அடியில் கம்பி வலையோடு.

டெஸ்ட் இல்லாமல் ரிலீஸ் இல்லை

தொழில் புத்தி போகாது இல்லையா. பாலைவனத்துக்குப் போய் ஒன்றும் கிடைக்காவிட்டால், மண்ணில் தங்கம் இல்லையா, பெட்டி விட்டுவிட்டதா என்று எப்படித் தெரியும்? அதனால் தூண்டிலுக்குப் போடும் ஈயக் குண்டுகளைப் பொடியாக நறுக்கி, சுத்தியலால் தட்டையாக்கி, எண்ணி 50 துண்டுகளை ஒரு வாளி மண்ணில் கலந்தேன். ஈயத்தின் அடர்த்தி 11.3. இதைப் பிடிக்கிற பெட்டி, அதே அளவும் வடிவமும் உள்ள தங்கத்தைக் கண்டிப்பாகப் பிடிக்கும். (ஈயம் விஷம். கையுறை போடுங்கள், அந்த மண்ணைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள்.)

முதல் ஓட்டம்: 50-க்கு 27. பாதியைக் காணோம்!

காரணம் தேடியதில் முதலில் மாட்டியது வால்வு. துருத்தி விரியும்போது காற்று பக்கத்து வால்வு வழியாக உள்ளே வர வேண்டும். என் வால்வு விறைப்பாக இருந்ததால் காற்று மேலே உள்ள துணி வழியாகவே இழுபட்டது. பொடி மண் துணியில் அடைத்துக்கொண்டு அடுத்த ஊதல் பலவீனமாகிவிட்டது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி அகலமாக வால்வு போட்டதும் 35. சல்லடைக் கண்ணை 12 மி.மீ.-லிருந்து 6 மி.மீ. ஆக்கி, மண்ணை மெதுவாக விட்டதும் 43. சாய்வை 25 டிகிரியிலிருந்து 18-க்குக் குறைத்ததும் 47. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அது முக்கியம். மூன்றையும் சேர்த்து மாற்றியிருந்தால் எது வேலை செய்தது என்றே தெரிந்திருக்காது.

நான் டெஸ்ட் செய்யாத விஷயம்

பெட்டி என்னவோ பிரமாதமாக வேலை செய்தது. முதல் பயணத்தில் ஒரு காய்ந்த ஓடையின் வளைவில், சுண்ணாம்பு இறுகிய கெட்டித் தரைக்கு மேலே இருந்த மண்ணைத் தோண்டினோம். வெள்ளம் அடித்து வரும் தங்கம் அந்தத் தரையைத் தாண்டிக் கீழே போக முடியாமல் அங்கேயே தங்கும். மாலையில் கருமணலைக் காந்தத்தால் எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தட்டில் அலசியபோது மஞ்சளாக ஏழு பொட்டுகள். என் மகன் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

அன்று முழுக்க நான் தூசி மேகத்துக்குள் நின்று கைப்பிடி சுற்றினேன். முகத்தில் ஒரு கைக்குட்டை மட்டும். மகனைத் தூரத்தில் காற்றுக்கு எதிர்ப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன், அவன் தும்முகிறான் என்பதற்காக. வேறு எந்த யோசனையும் இல்லாமல் செய்தது அது.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல். பிறகு இருமல், ராத்திரி வியர்வை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நுரையீரல் தொற்று என்று ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன், கேட்கவில்லை. இரண்டாவது தடவை போனபோதுதான் டாக்டரிடம் பாலைவனத்தில் மண் தோண்டியதைச் சொன்னேன். முதலிலேயே சொல்லாதது என் தப்பு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது: வேலி ஃபீவர்.

காக்சிடியாய்ட்ஸ் என்ற பூஞ்சை இந்தப் பக்கத்து மண்ணில் வாழ்கிறது. அரிசோனாவிலும், கலிபோர்னியாவின் கெர்ன் கவுண்டியிலும் இந்த நோய் அதிகம். கோலரும் ராண்ட்ஸ்பர்க்கும் அதே கெர்ன் கவுண்டியில்தான் இருக்கின்றன. மண் கிளறும்போது வித்துகள் பறந்து மூச்சில் போகின்றன. நோய் தெரிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். ஆளுக்கு ஆள் தொற்றாது. பலருக்கு லேசாக வந்து தானாகவே போய்விடும், சிலருக்கு முற்றிவிடும். பூஞ்சை என்பதால் சாதாரண ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது.

யோசித்துப் பாருங்கள். வறண்ட மண்ணை எடுத்து, உடைத்து, நிமிஷத்துக்கு 180 தடவை முகத்துக்கு நேரே ஊதுகிற ஒரு கருவி. பூஞ்சையை உள்ளே இழுக்க இதைவிடச் சிறந்த எந்திரத்தை நான் வடிவமைத்திருக்க முடியாது. ஐம்பது ஈயத் துண்டு எங்கே போனது என்று ஒரு மாதம் தேடியவன், தூசி எங்கே போகிறது என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

இரண்டாம் பதிப்பு

இப்போது தொட்டிக்கு மூடி உண்டு. தட்டின் மேல் துணிக் கூடாரம். கழிவு மண் ஒரு தொங்கும் துணிக் குழாய் வழியாகத் தரைக்கு அருகில்தான் விழும். கைப்பிடியை நீட்டிவிட்டேன், இரண்டு மீட்டர் தள்ளி காற்று வரும் பக்கமாக நின்றுதான் சுற்றுவேன். வடிகட்டி உள்ள ரப்பர் முகமூடி, கைக்குட்டை இல்லை. காற்று திசை மாறினால் நிறுத்திவிடுவேன். மகன் வருவதில்லை, பெரியவனானதும் அவனே முடிவு செய்துகொள்ளட்டும். இவ்வளவு செய்தாலும் ஆபத்து குறையும், போய்விடாது.

இன்னொன்று. கிளம்புவதற்கு முன் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். மொகாவியின் பாலைவன ஆமை 1990-லிருந்து பாதுகாக்கப்பட்ட உயிரினம். நிழலுக்காகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும்.

நீங்களும் ஒரு பெட்டி செய்யப் போகிறீர்கள் என்றால், தட்டைச் செய்வதற்கு முன் முகமூடியை வாங்குங்கள். அதற்குப் பிறகு வேட்டியைத் தேடலாம்.